பகலில் மட்டும் அலறிய கார்

பொன்னம்மாள் போராடிப் பெற்றவை என்று சில உண்டு. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவில் ஓர் இடம். விண்ணப்பம் வாங்கிய குமாஸ்தா, பெண் பிள்ளைக்கு நல்லது செய்வதாக நினைத்து, அதைத் தையல் பிரிவு அடுக்கில் சேர்த்துவிட்டார். அவள் திரும்பப் போய் எடுத்து, சரியான அடுக்கில் வைத்துவிட்டு வந்தாள். அடுத்தது தில்லி ஓக்லாவில் மின்சாரக் கார் பழுதுபார்க்கும் பணிமனையில் வேலை. அங்கே பெண்களுக்கென்று ஒரு கழிவறை, அதற்கு உள்ளேயிருந்து போடுகிற தாழ்ப்பாள். கைக்குப் பொருந்தும் அளவில் ரப்பர் கையுறை. அது வரும்வரை ஆண்கள் அளவுக் கையுறையோடு உயர் மின்சாரப் பக்கம் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். பிறகு உயர் மின்னழுத்தத் தேர்வு. முதல் தடவை தவறி, மறு தடவை தேறினாள். அந்தச் சான்றிதழை அண்ணன் கரோல் பாகில் லாமினேட் செய்து வந்து டி.வி.க்கு மேலே மாட்டினார்.

இத்தனையும் அப்பா இறந்து, சரோஜினி நகர் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, முனிர்க்காவில் ஒன்றரை அறைக்கு வந்த பிறகு நடந்தவை. அமைச்சகத்தில் கோப்பு தூக்கிக்கொண்டிருந்த மனிதரின் மகளுக்கு இதெல்லாம் சும்மா வந்துவிடாது.

வராதது ஒன்று பாக்கி இருந்தது. கையெழுத்து.

அந்தப் பணிமனையில் ஒவ்வொரு காருக்கும் ஒரு ஜாப் கார்டு உண்டு. அதன் கடைசி வரியில், பழுதின் காரணத்தைக் கண்டுபிடித்தவர் கையெழுத்துப் போட வேண்டும். கார் திரும்ப வந்தால் அந்தப் பெயர்க்காரர் பதில் சொல்ல வேண்டும். அங்கே அந்த உரிமை குல்தீப்புக்கு மட்டும்தான். குல்தீப் நல்ல மனிதர். யார் கண்டுபிடித்தது என்பதை எல்லோர் எதிரிலும் வாய் நிறையச் சொல்வார். ஆனாலும் விதிப்படி கீழே விழுவது அவர் பெயர்தான். பொன்னம்மாள் சரிசெய்த கார்கள் எல்லாம் குல்தீப் பெயரில் தில்லி முழுக்க ஓடிக்கொண்டிருந்தன. அவளுக்குப் பணிமனையில் பெயரே வேறு. பொன்னம்மாள் என்பது அங்கே யார் வாயிலும் நுழையாததால் முதல் நாளே பூனம் ஆக்கிவிட்டார்கள். சட்டையிலும் பூனம் என்றுதான் தைத்திருந்தது.

நவம்பர் மாதம் குல்தீப்புக்குச் சண்டிகருக்கு மாற்றல் வந்தது. அவர் இடத்துக்கு ஒரு பெயரை மேலே அனுப்ப வேண்டும். அந்தச் சமயம் பார்த்துத்தான் மோதி பாக் அரசுக் குடியிருப்பிலிருந்து வருகிற ஒரு கார் நான்காவது தடவையாக வந்து நின்றது.

அது வேதாந்தம் என்பவருடையது. மத்திய அரசு அதிகாரி, ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலமே இருந்தது. வாழ்க்கையில் வாங்கிய முதல் புதுக் கார். அவர் அலுவலகத்துக்கு மெட்ரோவில் போவார். கார் குவார்ட்டர்ஸ் வாசலில் திறந்த வெளியில் நிற்கும். பூட்டி வைத்திருக்கும்போது, யாரும் தொடாமலே, நட்டநடுப் பகலில் திருட்டு அலாரம் அலறும். தானே ஓயும், மறுபடி அலறும். இப்படி நாள் முழுக்க அலறினால் கதவுப் பூட்டை இயக்குகிற சின்ன பேட்டரி சோர்ந்துபோகும். மின்சாரக் காரில் ஓடுவதற்குப் பெரிய பேட்டரி உண்டு. ஆனால் பூட்டு, விளக்கு எல்லாம் சின்ன பேட்டரியை நம்பித்தான். அது செத்தால் சாவிக்குப் பதிலாக உள்ள கார்டைக் காட்டினாலும் போனைக் காட்டினாலும் கதவு அசையாது. கைப்பிடியும் உள்ளே மடங்கிக் கிடக்கும்.

அவர் மகள் மேதாவின் நிச்சயதார்த்தத்தன்று அதுதான் நடந்தது. பழத்தட்டு, பட்டுப்புடவை, மாலை எல்லாம் காருக்குள். மண்டபத்து வாசலில் வெயிலில் நிறுத்திவிட்டு உள்ளே போய்ச் சம்பந்தி வீட்டாரை வரவேற்றுத் திரும்பினால் கார் திறக்கவில்லை; முந்தின நாட்களில் அலறி அலறிச் சின்ன பேட்டரி ஏற்கெனவே நலிந்திருந்தது, மேளச் சத்தத்தில் அன்றைய அலறல் யார் காதிலும் விழவில்லை. கண்ணாடி வழியாகத் தட்டுகள் தெரிந்தன. மெக்கானிக் வந்து திறப்பதற்குள் மாலை வாடிவிட்டது.

பணிமனையில் சும்மா இருக்கவில்லை. முதல் தடவை, காருக்குள் ஏதாவது அசைந்தால் கண்டுபிடிக்கிற உணர்கருவியை மாற்றினார்கள். இரண்டாம் தடவை சின்ன பேட்டரி. மூன்றாம் தடவை கதவுப் பூட்டுக்குப் போகும் ஒயர்கள். ஒவ்வொரு தடவையும் பணிமனையில் கார் சாதுவாக நின்றது. வீட்டுக்குப் போனதும் அலறியது. நான்காம் தடவை வேதாந்தம் நுகர்வோர் நீதிமன்றத்துக்கான மனுவை எழுதி, பிழை திருத்தி, கையோடு கொண்டுவந்து மேனேஜர் மதனிடம் படித்தே காட்டினார்.

மதன் பூட்டையும் அலாரத்தையும் ஆளுகிற மூளைப் பெட்டியையே மாற்றச் சொன்னார். புதுப் பெட்டி வந்தது, மாட்டியாயிற்று. குல்தீப் லீவில் இருந்தார். மதன் ஜாப் கார்டைப் பொன்னம்மாளிடம் நீட்டினார். நீயே கையெழுத்துப் போடு, இதையே காரணமாகக் காட்டி உன் பெயரை மேலே அனுப்பிவிடுகிறேன் என்று ஹிந்தியில் சொன்னார்.

அவள் பேனாவை வாங்கினாள். காரணம் என்ற கட்டத்தைப் பார்த்தாள். வாங்கிய பேனாவை மேசைமேல் வைத்தாள்.

"என்ன காரணம்னு எழுதட்டும், மதன்ஜி?"

"பெட்டி கெட்டுப்போச்சுன்னு எழுது."

"கெட்டுப்போச்சான்னு நமக்கு எங்கே தெரியும்? பழைய பெட்டியைச் சோதிச்சேன். நல்லாத்தான் இருக்கு."

மதன் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "ரெண்டு வருஷமா கையெழுத்து கையெழுத்துன்னு என் உயிரை எடுத்தே. இப்போ தட்டுல வெச்சுக் குடுத்தா வேண்டாம்கிறே."

"கார் திரும்பி வந்தா அது என் பேர்ல வரும். முதல் கையெழுத்தே பொய்யா இருக்கக் கூடாது."

மதன் கெட்டவர் இல்லை. ஆனால் நேரம் இல்லாதவர். வெள்ளிக்கிழமை குல்தீப் கிளம்புகிறார். அதற்குள் உண்மையான காரணத்தைக் கண்டுபிடித்தால் அவள் பெயர் போகும். இல்லையென்றால் வெளியிலிருந்து ஆள் எடுத்துவிடுவார், அதன்பின் அவள் வந்து கேட்கக் கூடாது. அவ்வளவுதான் என்றார். அவள் சரி என்றாள்.

காரின் நினைவில் அலாரம் அடித்த நேரங்கள் பதிந்திருந்தன. பொன்னம்மாள் ஸ்கேனரை மாட்டி எல்லாவற்றையும் பார்த்தாள். காலையில் இல்லை, மாலையில் இல்லை, இரவில் ஒன்றுகூட இல்லை. உச்சி வேளையிலும் அதை ஒட்டியும் மட்டுமே. எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்தான் பதிவாகியிருந்தது: உள்ளே அசைவு. பூட்டிய காருக்குள் யார் அசைவார்கள்? வெயிலில் ஏதோ பிளாஸ்டிக் விரிந்து நகர்கிறது என்று குல்தீப் போனில் சொன்னார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. காரைக் கொட்டகையிலிருந்து வெளியே தள்ளி, முற்றத்து வெயிலில் மூக்கைத் தெற்குப் பக்கம் வைத்து நிறுத்திப் பூட்டினாள். சாப்பாட்டு டப்பாவை எதிரே வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். வெயில் நன்றாகத்தான் அடித்தது. கார் வாயைத் திறக்கவில்லை.

அதே கார், அதே வெயில். அங்கே அலறுகிறது, இங்கே மௌனம். வீட்டில் இருப்பது, இங்கே இல்லாதது எது?

உள்ளே ஏறி உட்கார்ந்து, ஒவ்வொரு மூலையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். டாஷ்போர்டு முழுக்கத் தில்லிப் புழுதி மெல்லிசாகப் படிந்திருந்தது. ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம் மட்டும் புழுதி இல்லாமல் பளிச்சென்று இருந்தது. விரலால் தொட்டால் ஒட்டியது. ஓரத்தில் செவ்வண்ணப் பொட்டாகக் கொஞ்சம் குங்குமம்.

இரண்டாம் தடவை கார் வந்தபோதும் இந்தப் பிசுபிசுப்பு இருந்தது. துணியில் ஸ்பிரே அடித்துத் துடைத்து எடுத்தவள் அவள்தான். அழுக்கு என்று நினைத்தாள். வடக்கத்தி ஆட்கள் நினைக்கலாம். அவள் நினைத்திருக்கக் கூடாது. அண்ணன் தன் ஸ்கூட்டரைச் சர்வீசுக்கு விடுமுன் ஹேண்டிலில் கட்டிய சின்ன முருகன் வேல் ஒன்றைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். கிரீஸ் கை படுகிற இடத்துக்குச் சாமி போகக் கூடாது. சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய விஷயம்.

உடனே வேதாந்தம் வீட்டுக்குப் போன் செய்தாள். அவர் மனைவி வத்சலா எடுத்தார். இதுவரை அவர்களோடு ஹிந்தியில்தான் பேசியிருந்தாள். இப்போது தமிழ் தானாக வந்தது.

"மாமி, டாஷ்போர்டு மேலே சாமி வெச்சிருந்தீங்களா?"

"நீ தமிழா? சட்டையில பூனம்னு போட்டிருந்துதே."

"பேரு பொன்னம்மாள், மாமி. அது இவங்க வெச்சது. சாமி வெச்சிருந்தீங்களா?"

"பின்னே? பிள்ளையார் இல்லாம வண்டி ஓட்டுவாளா?"

"இப்போ எங்கே இருக்கார்?"

"பூஜை ரூம்ல. வொர்க்‌ஷாப்புக்குப் பிள்ளையாரை அனுப்பச் சொல்றியா? அங்கே யார் யாரோ முட்டை போட்ட அண்டா பராட்டா சாப்ட்ட கையோட தொடுவா. ஒவ்வொரு தடவையும் எடுத்து உள்ளே வெச்சுடுவேன். வண்டி திரும்பி வந்ததும் முதல் காரியமா மறுபடி உட்கார்த்திடுவேன்."

"அவர் சும்மா உட்கார்ந்திருப்பாரா மாமி?"

"எழுந்து நடப்பாராக்கும்."

"இல்ல மாமி, ஆடறது, சுத்தறது ஏதாவது..."

"தலைக்குப் பின்னாடி சக்கரம் சுத்தும். சதுர்த்திக்கு மேதா லஜ்பத் நகர்ல வாங்கிண்டு வந்தா. வெயில் பட்டாலே போறும், செல்லே வேண்டாம். ரொம்ப நன்னா சுத்தும்."

பொன்னம்மாள் போனை வைத்துவிட்டு அந்த வட்டத்தை மறுபடி பார்த்தாள். அலாரம் தொடங்கியது சதுர்த்திக்குப் பிறகு. ஆனாலும் அவளுக்கு இது போதவில்லை. ஊகம் வேறு, காரணம் வேறு. கண்ணால் பார்க்க வேண்டும்.

புதுப் பெட்டியைக் கழற்றி, பழைய பெட்டியையே திரும்ப மாட்டினாள். மறுநாள் காலை காரை மோதி பாகுக்கு ஓட்டிக்கொண்டு போய், அது வழக்கமாக நிற்கும் இடத்திலேயே நிறுத்தினாள். வத்சலா பிள்ளையாரைக் கொண்டுவந்து அவருடைய வட்டத்தில் உட்கார்த்தினார். கட்டை விரல் உயரம். பீடத்தில் கருநீலமாக ஒரு சின்ன சூரியத்தகடு. தலைக்குப் பின்னால் பொன்னிறச் சக்கரம். எல்லாம் தயார். ஆனால் வெயில் இல்லை.

அன்று தில்லியில் புகைமூட்டம் இறங்கிவிட்டது. எதிர்வரிசை குவார்ட்டர்ஸே மங்கலாகத்தான் தெரிந்தது. சூரியன் பழைய அலுமினியத் தட்டு மாதிரி எங்கோ தொங்கியது. பிள்ளையார் சக்கரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கார் அலறவில்லை. அடுத்த நாளும் அப்படியே.

மதன் போன் செய்தார். ரெண்டு நாளாகக் கார் அலறவில்லையே, சரியாகிவிட்டது என்றுதானே அர்த்தம், கையெழுத்துப் போட்டுவிட்டு வா என்றார். பழைய பெட்டியைத் திரும்ப மாட்டியிருப்பதை அவள் சொன்னதும் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெயில் வரட்டும் என்றாள் அவள். வெயிலை நம்பியா வேலை பார்க்கிறாய் என்று கேட்டார். வேறு எதை நம்பினாலும் கார் ஐந்தாம் தடவை வரும் என்றாள்.

வேதாந்தத்துக்கும் பொறுமை போய்விட்டது. அலுவலகத்திலிருந்து வந்தவர், வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு முகமூடியோடு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து நின்றார்.

"நாலு தடவை நாலு சாமானை மாத்தினேள். கடைசில பழியைப் பிள்ளையார் தலையில போடறேளா?"

"பழி போட வரலை சார். அவர்தானான்னு பார்க்க வந்திருக்கேன்."

"அவர் இல்லேன்னா?"

"அப்போ நாளைக்கு வேற எதையாவது பார்ப்பேன்."

அவர் உள்ளே போய்விட்டார். சற்று நேரத்தில் வத்சலா ஒரு டம்ளர் காபியோடு வந்தார். அவர் குடுக்கச் சொன்னார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை காலையும் மூட்டம்தான். குல்தீப் கிளம்ப ஒரு நாள் இருந்தது. பதினோரு மணி வாக்கில் மேற்கிலிருந்து காற்று எழுந்தது. வேப்ப மரம் சலசலத்தது. காய்ந்த இலைகள் கார்மேல் உதிர்ந்தன. பொன்னம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் மரத்தின் நிழல் முதலில் சாம்பலாக, பிறகு கறுப்பாக விழுந்தது. கண்ணாடி வழியாகப் பிள்ளையாரைப் பார்த்தாள். சக்கரம் ஒரு இழுப்பு இழுத்து நின்றது. மறுபடி இழுத்தது. பிறகு நிற்காமல் சுற்றத் தொடங்கியது. ஆரக்கால்கள் மறைந்து ஒரே பொன் வட்டமாகத் தெரியும் அளவுக்கு வேகம்.

அலாரம் அடித்தது.

மேல் மாடிகளில் ஜன்னல்கள் திறந்தன. வத்சலா காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தார். பொன்னம்மாள் சாவிக் கார்டைக் காட்டி அதை அணைத்தாள். வத்சலா தோளில் இருந்த துண்டை வாங்கிப் பிள்ளையார்மேல் போர்த்தினாள். பூட்டிவிட்டுக் காத்திருந்தாள். சத்தமில்லை. துண்டை எடுத்தாள், பூட்டினாள். அலறியது. மறுபடி துண்டு, மௌனம். மறுபடி எடுத்தாள், அலறல். மேல்வீட்டுக்காரர் ஒருவர் பால்கனியில் வந்து கையெடுத்துக் கும்பிட்டார். "பஸ் கரோ பேட்டி, ஹம் மான் கயே" என்றார். போதும், ஒப்புக்கொண்டோம் என்று. இன்னும் ஒரே ஒரு தடவை என்று அவரிடம் ஹிந்தியில் கேட்டுக்கொண்டு, அந்த ஒரு தடவையையும் பார்த்து முடித்தாள்.

பிறகு வத்சலாவுக்கு விளக்கினாள். காரைப் பூட்டினால், உள்ளே எது அசைந்தாலும் திருடன் என்றுதான் அதற்குத் தெரியும். கார் ஓடும்போது சக்கரம் சுற்றினால் அது கண்டுகொள்ளாது. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. காரில் எந்தக் கோளாறும் இல்லை, முதல் நாளிலிருந்தே இல்லை. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது.

வத்சலா முகம் சுருங்கிவிட்டது. "அப்போ பிள்ளையாரை எடுத்துடணுமா? அவரை எடுத்துட்டு அந்த வண்டில நான் ஏற மாட்டேன், சொல்லிட்டேன்."

அவள் அதையும் யோசித்து வைத்திருந்தாள். உள்ளசைவைப் பார்க்கிற உணர்கருவியை அணைத்து வைக்க வழி உண்டு. ஆனால் காவலைக் கழற்றி வைத்துவிட்டுப் பூட்டுவது பூட்டே இல்லை. பிள்ளையார் இருக்கட்டும், சக்கரம் மட்டும் நின்றால் போதும். பையிலிருந்து கறுப்பு இன்சுலேஷன் டேப் எடுத்து, கத்தரித்து, சூரியத்தகட்டின்மேல் ஒளி புகாதபடி ஒட்டி, ஓரங்களை நகத்தால் தேய்த்தாள். வத்சலா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பிள்ளையார் காலடில கறுப்பு டேப்பா? கண்றாவி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். சந்தனம் குழைத்து எடுத்து வந்து, டேப் தெரியாமல் தடவி, நடுவில் குங்குமம் வைத்தார். சக்கரம் நின்றது நின்றதுதான்.

வெள்ளிக்கிழமை வெயில் பளீரென்று அடித்தது. பொன்னம்மாள் நாற்காலியைப் பழைய இடத்திலேயே போட்டுக்கொண்டாள். நிழல் சுவரின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நகர்ந்தது. கார் அலறவில்லை. வேதாந்தம் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். தாமே பூட்டித் திறந்து, திறந்து பூட்டிப் பார்த்தார். பிறகு அந்த மனுவை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கிழிக்கவில்லை. இனி அலறினால் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னதில் பாதி சிரிப்பு இருந்தது.

அவள் ஓக்லா திரும்பியபோது குல்தீப்பின் பிரிவு உபசாரம் நடந்துகொண்டிருந்தது. மேசையில் சமோசா தட்டுகள். ஜாப் கார்டை எடுத்து, காரணம் என்ற கட்டத்தில் எழுதினாள்: பூட்டிய காருக்குள் வெயிலில் சுழலும் பொருள். செய்த வேலை: சூரியத்தகடு மூடப்பட்டது, பழைய பெட்டி நன்றாக உள்ளது, புதியது திருப்பி அனுப்பப்படுகிறது. குல்தீப் படித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். நாம் மாற்றியதெல்லாம் நல்ல சாமான்களா என்று கேட்டார். ஆமாம், அந்த வட்டத்தைத் துடைத்ததும் நான்தான் என்றாள் அவள். மதன் சிரிக்கவில்லை. கார்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார்.

அவள் மோதி பாக் தமிழ்ப் பள்ளியில் எழுதிப் பழகிய எழுத்தில், கட்டத்தை விட்டு வெளியே போகாமல், தன் பெயரைத் தமிழில் நிதானமாக எழுதினாள். மதன் எட்டிப் பார்த்தார்.

"பூனம்னு போடக் கூடாதா? ஹெட் ஆபீஸ்ல இதை யார் படிப்பாங்க?"

"கேட்டா, நான் படிச்சுச் சொல்றேன்."

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு கார்டில் முத்திரை குத்தி, மேலே அனுப்பும் கோப்பில் வைத்தார். பொன்னம்மாள் என்ற பெயர் முதல்முதலாக ஒரு ஜாப் கார்டின் அடியில் கையெழுத்தானது 2025 நவம்பர் 21, வெள்ளிக்கிழமை.